எச்சம்

ஹீயுமா தீவு. கேர்ட்லா துறைமுகத்துக்கு மேலே ஓர் அறை.
இரவு மூன்று மணி.
இரண்டு மணி நேரமாக மிதவை பேசவில்லை
என்கிறது திரை.

பொய்.
வந்துகொண்டுதான் இருக்கிறது.
ஒருமுறை ஏழே பைட்,
ஒருமுறை இரண்டு செய்தியும் மூன்றாவதன் பாதியும்
சந்தி பிரிக்காத ஏட்டு வரிபோல.
ஓடைக்கு என்ன தெரியும், வாக்கியம் எங்கே முடிகிறதென்று?

மாரிகா எழுதிய விதி எளிது:
முதல் நான்கு பைட் நீளம் சொல்லும்.
அத்தனையும் வந்து சேரும்வரை வாய் திறக்காதே.

தொலைபேசியில் தொனு:
"படகுத்துறைப் பலகை நனைகிறது.
உன் மிதவை என்ன சொல்கிறது?"

கடற்காக்கை எச்சமிட்ட பழைய மிதவையை
நேற்றுத்தான் மாற்றினார்கள்.
புதியது அந்த நான்கையும் கடைசியிலிருந்து எழுதுகிறது.
இருபது என்றது அது.
நிரலின் காதில் விழுந்தது
முப்பத்து மூன்றரைக் கோடி.

சொன்ன சொல் தட்டாத நிரல்.
அதன் பிறகு வந்த அலைகளின் உயரமெல்லாம்
அந்த ஒரே செய்தியின் உடம்பென்று விழுங்கி,
பிழை என்று ஒரு முனகலும் இல்லாமல்
இன்னும், இன்னும் என்று
உட்கார்ந்திருக்கிறது.

திருப்பிப் படி.
நாலாயிரத்தைத் தாண்டினால் நம்பாதே.
இரண்டே வரி.

நாற்பது. அறுபத்தொன்று. எண்பத்தெட்டு சென்டிமீட்டர்.

"தொனு, ஏறுகிறது. கயிற்றை இரட்டையாகக் கட்டுங்கள்."

மறுமுனையில் ஒன்றுமில்லை.
அவர் அப்படித்தான்,
நீளம் சொல்லிவிட்டுப் பேசுகிறவர் இல்லை.
பிறகு,
"கட்டிவிட்டு" என்றார்.

காற்று.

மாரிகா போனை வைக்கவில்லை.