நலக்கல்வி, மூன்றாம் ஆண்டு

உள்ளங்கையைத் தாளில் வைத்துச்
சுற்றி வரையச் சொன்னேன்.
விரலுக்கு ஒரு பெயர்:
பயந்தால் யாரிடம் சொல்வாய்?

சுண்டுவிரலில் பூனையின் பெயரை
எழுதியிருந்தான் தர்ஷ்வின்.
சிரித்தோம். அதுவும் இருக்கட்டும் என்றேன்.

செம்பனைக் குலை லோரி ஒன்று
சன்னலை அதிரவைத்துப் போனது.
ஓசை அடங்கும்வரை நின்று
அடுத்ததைச் சொன்னேன்:
‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒருவர் சொன்னால்
அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

லோகித்தா அழிப்பான் இரவல் கேட்டாள்.
கட்டைவிரலில் இருந்த பெயரை
தாள் கிழியாமல்
ஊதி ஊதி அழித்தாள்.

பசியாற மணி அடித்தது.
எல்லாரும் ஓடினார்கள்.
அவள் பக்கத்துச் சின்ன நாற்காலியில்
முட்டி இடிக்க உட்கார்ந்தேன்.

அழித்த இடத்தில்
பென்சில் அழுத்திய பள்ளம்
படிக்கும்படிதான் இருந்தது.
படிக்கவில்லை.
அவள் சொல்லட்டும்.