நானூற்றுப் பதினேழு

ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால்
இருபத்து நான்கு சாவிகள் தொங்கும் பலகை.
அதற்கு மேல் கண்ணாடி அலமாரி,
சாமி படம் வைக்க அப்பா செய்யச் சொன்னது.
சாமியைக் கல்லாப்பெட்டிப் பக்கம் மாற்றிவிட்டு
நான் விமானப்படையைக் குடியேற்றினேன்.

ஆஸ்பத்திரி டோக்கனுக்கு
விடிகாலை நாலு மணிக்கே ஆள் கிளம்பும் ஊர் இது.
ராத்திரி ஒன்றிலிருந்து மூன்று வரைதான் என்னுடையது.
அப்போது துடைப்பேன்,
பெயின்ட் பிரஷ்ஷால், இறக்கைக்கு வலிக்காமல்.

நாட் விமானம்
காட்பாடி பார்சல் ஆபீசில் ஒன்பது நாள் கிடந்து வந்தது.
எழுபத்திரண்டில் ஒரு பங்கு. உள்ளங்கையில் உட்காரும்.
உலகம் முழுக்க ஆயிரத்து இருநூறுதான் வார்த்தார்களாம்.
அட்டையில் என் எண்: நானூற்றுப் பதினேழு.
பதினாறு யாரிடமோ
பதினெட்டு யாரிடமோ.
முகம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்கள்.

விலையை சுலோச்சனாவிடம் பாதியாகச் சொன்னேன்.
அந்தப் பாதிக்கே
இரண்டு நாள் வெறும் ரசம்.

சிப்பாய்கள் வேறு ரகம்.
கோட்டை எதிரே ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரத்தில்
பை நாற்பது ரூபாய், பச்சை பிளாஸ்டிக்.
ஒருவனுக்கு துப்பாக்கி மழுங்கல்.
இன்னொருவனுக்கு அச்சில் வழிந்த பிசிறு, மூன்றாவது காது.
நெயில் பாலிஷில் எல்லாருக்கும் பூட்ஸ் போட்டுவிட்டேன்.
ஆனால் அளவு ஒத்துவரவில்லை.
விமானத்தின் மூக்கு சிப்பாயின் முட்டிக்குத்தான் வருகிறது.
ஏறி உட்கார்ந்தால் பைக் ஓட்டுகிறவன் போலிருப்பான்.
சரியான அளவு ஆட்கள் போலந்தில் கிடைக்கும் என்றார்கள்,
எழுதிப் போட்டேன், பதில் இல்லை.

என்னையும் ஒரு தடவை அளவு பார்த்துக் கழித்திருக்கிறார்கள்.
ஆள்சேர்ப்பு முகாம், வெறும் உடம்பு, வரிசை.
மார்பு ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு.

பதினோராம் நம்பர் ரூம்
ஜெசோரிலிருந்து வந்தவர்கள்.
புருஷனுக்குக் கிட்னி. அந்தம்மா சஹேரா பீபி,
பாஸ்போர்ட்டில் பிறந்த வருடம் அறுபத்து மூன்று.
கடுகெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கேட்க வந்தவர்
அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டார்.

என் லாட்ஜ் வங்காளத்தில்
வாடகை, வெந்நீர், டாக்டர் என்ன சொன்னார்
இவ்வளவுதான் உண்டு.
போருக்கு வார்த்தை இல்லை.
நாட்டைக் காட்டி, நம்முடையது என்றேன்.
சேபரைக் காட்டி, அவர்களுடையது.
திற என்று கையால் சொன்னார்.
சுலோச்சனாவுக்குக்கூடத் திறக்காத கதவு.
ஏன் திறந்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத்
தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.
கழுத்தை மடக்கி அடிவயிற்றைப் பார்த்தார்.
ட்யூப்லைட்டுக்குக் கண் கூசியது.
இப்படித்தான் தெரியும், என்றார்.
சத்தம் வந்த பிறகு
யாருடையது என்று படிக்க நேரமிருக்காது.
அல்லது அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

பிறகு ஒரு சிப்பாயை எடுத்து
ரூம் ரிஜிஸ்டரின் ஓரமாகக்
குப்புறப் படுக்க வைத்தார்.
கடுகு வயல், என்றார்.
எட்டு விரல் காட்டினார்.

எண்ணெய்க் கடைக்கு வழி சொன்னேன்.
இரண்டாவது சந்து, மீன் நாற்றம் வரும், அதை ஒட்டி.

பதினேழு நாள் இருந்தார்கள்.
காலி செய்த அன்று நான் கரண்ட் பில் கட்டப் போயிருந்தேன்.
சாவியை எல்லப்பன்தான் வாங்கி மாட்டியிருந்தான்.
டாக்டர் என்ன சொன்னார் என்று அவன் கேட்கவில்லை.

அன்று ராத்திரி
மேஜைக்குப் பின்னால் தரையில் மல்லாந்து
நாட்டை முகத்துக்கு மேல் பிடித்தேன்.
சக்கரக் கதவுகளுக்கு நடுவே
பொடி எழுத்தில்: 417.
மூன்று வருடமாக வைத்திருக்கிறேன்,
அட்டையில் மட்டும்தான் எண் என்று நினைத்துக்கொண்டு.

படுத்த சிப்பாயை அலமாரியில்
அப்படியே படுக்க வைத்திருக்கிறேன்.
கண்ணாடி துடைக்கிற எல்லப்பன்
விழுந்துவிட்டதென்று
தினமும் நிமிர்த்தி நிறுத்துகிறான்.
தினமும் ராத்திரி ஒரு மணிக்கு மேல்
நான் படுக்க வைக்கிறேன்.