வரவு நோட்டு

மாதத்தின் இரண்டாம் சனி. முக்கூடலில்
மூடிப்போன ரைஸ்மில்லின் முன்கூடம்.
நெல்தூசி இன்னும் சுவரில் இருக்கிறது;
பெருக்கினால் இருமல்தான் மிச்சம் என்று விட்டுவிட்டோம்.
நான் நோட்டு எழுதுகிறவள்:
வரிசை எண், பொருள், கொடுத்தவர், குறை என்ன.

குறை என்ன என்ற கட்டத்தில்
ஊர் முழுக்க ஒரே பொய்தான்:
"நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு."
வெள்ளத்தில் முங்கிச் சேறு ஏறிய டிவிக்கும் அதுதான்,
எலி வயரைத் தின்ற மிக்சிக்கும் அதுதான்.
சொரிமுத்து ஒருவர் மட்டும்
கழுத்து முறிந்த டேபிள்ஃபேனை வைத்துவிட்டு
"கோவத்துல நாந்தான் எறிஞ்சேன், எழுதிக்கிடுங்க" என்றார்.
எழுதிக்கொண்டேன். கையெழுத்தும் வாங்கினேன்.

பிரிக்கிறவர்கள் ஆறு பெண்கள்.
வாரமெல்லாம் பீடி சுற்றும் விரல்கள்;
திருகாணியை எண்ணுவதில்லை, அள்ளினால்
கட்டுக்கு இருபத்தைந்து சரியாக இருக்கும்.
இலை வெட்டும் கத்தரியாலேயே
வயரின் தோலை உரிக்கிறாள் முப்பிடாதி.
முன்பு பூதத்தான் அதை ஆற்றங்கரையில் எரிப்பான்,
புகை அக்கரை வாழைவரை போகும்.
எரிக்காதே என்றோம்.
"உரிக்க எனக்கு யாரு கூலி தருவா?" என்றான்.
நியாயம்தான்.
இப்போது உரித்த செம்பை அவனுக்கே விற்கிறோம்,
கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து.
அந்தப் பத்து ரூபாய் புகையின் விலை என்பாள் மைதீன் பாத்து.

சால்டரிங் கம்பி அவள் கையில்.
மூக்கைத் துப்பட்டியால் மூடிக்கொண்டு
மூன்று செத்த கம்ப்யூட்டரில் ஒன்றை எழுப்பி
நூலகத்துக்குக் கொடுத்தாள்.
மாலை ஆறானால் அது தானாக அணைந்துவிடும்.
ஏனென்று அவளுக்கும் தெரியாது.
நூலகர் புகார் சொன்னதில்லை.

ஆவணியில் வந்தது வரிசை எண் நூற்று நாற்பத்தாறு:
எலெக்ட்ரானிக் தராசு.
கொடுத்தவர், பீடிக்கடை ஏஜெண்ட் ஆவுடையப்பன்.
குறை: "எண்ணு மங்கலாத் தெரியுது. புதுசு வாங்கியாச்சு."
மங்கல், பத்து நிமிட வேலை.
பிறகு, சும்மாதான்,
பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை
மேலே வைத்தாள் பாத்து.
ஒரு கிலோ தொண்ணூறு கிராம்.

வேறு கடையில் வேறு பாக்கெட். தொண்ணூறு.
ரேஷன் சீனியை வைத்துப் பார்ப்போமா என்றேன்.
"ஏளா, அது வேற கதை" என்று சிரித்தாள் முப்பிடாதி.
சிரிப்பு பாதியில் நின்றது.
ஆயிரம் பீடிக்கு இலை எழுநூறு என்று
இந்தச் சிவப்பு எண்கள்தாம் சொல்லிவந்தன.
பதினோரு வருஷம்.
குறைந்த இலைக்குத் தன் காசில் வாங்கி
ஈடுகட்டிய மாதங்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கியவள்
இடையில் விட்டுவிட்டுத் திருகாணி பொறுக்கப் போனாள்.

அடிப்பலகையில், அரக்கு உடைந்த துளைக்குள்,
குண்டூசி நுழையும் அளவில் ஒரு பொத்தான்.
யாரோ ஒருநாள் அதை அழுத்தியிருக்கிறார்கள்.
மளிகைக்கடையில் முத்திரைப் படிக்கல் இரவல் வாங்கி
பாத்து மறுபடி அழுத்தினாள்.
உப்பு ஒரு கிலோ ஆனது.

சரிசெய்யப்பட்டது என்று எழுதிய பேனா
யாருக்கு என்ற கட்டத்தில் நின்றுவிட்டது.
அந்தக் கட்டம் இன்னும் காலிதான்.

இப்போது தராசு வாசலில், உடைந்த கிரைண்டர் மேல்.
இலை வாங்கித் திரும்பும் பெண்கள்
பையை ஒரு நிமிடம் இறக்கிவைக்கிறார்கள்.
எண்ணைப் பார்க்கிறார்கள். ஒன்றும் சொல்வதில்லை.
சிலர் வந்த வழியே கடைக்கு நடக்கிறார்கள்.

ஐப்பசி மழையில் ஆவுடையப்பன் வந்தார்.
"நல்லா ஓடுதாம்லா. வெலையச் சொல்லுங்க, எடுத்துக்கிடுதேன்."
அரசு கொடுத்த லேப்டாப் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த முப்பிடாதி
நிமிரவில்லை;
மூடியை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள்.
விற்பனைக்கு அல்ல.

அவர் போகவில்லை. மழை விடவில்லை.
கை ஓய்ந்தோ என்னவோ, மடித்த குடையைத்
தட்டின்மேல் வைத்தார்.
நானூற்றுப் பத்து.
நீர் வழிய வழிய
எண் இறங்கிக்கொண்டிருந்தது.
நானூற்று ஆறு. நானூற்று மூன்று.
அவரும் பார்த்துக்கொண்டு நின்றார்.