சேவை வீதம்

ஆறு மணி வகுப்பு ஆறே முக்காலுக்குத் தொடங்குகிறது.
காரணம் கேட்பதில்லை நான்.
ஜன்னலுக்குக் கீழேயே நிற்கிறது காரணம்:
நாற்பதடிப் பெட்டி, நாற்பதடிப் பெட்டி, நாற்பதடிப் பெட்டி,
எர்ணாவூரிலிருந்து ஜீரோ கேட் வரை
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி.

பல்கலைக்கழக மேலாண்மைத் துறை,
மாலை நேர எம்.பி.ஏ., திருவொற்றியூர் கிளை.
முன்பு உப்பு இலாகாவின் கிடங்காம் இது.
எத்தனை முறை வெள்ளையடித்தாலும்
மூன்றாம் மாதம் சுவரில் உப்பு பூத்துவிடும்.
பெயர்ப்பலகையில் 'மே' விழுந்து இரண்டு வருடம்.
நிதிக்குழுவின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது
அந்த ஓரெழுத்து.

இன்றைய பாடம் வரிசைக் கோட்பாடு.
வருகை வீதம் லாம்டா. சேவை வீதம் மியூ.
வட்டம் போட்டு, கவுன்ட்டர் என்கிறேன்.
புள்ளிகள் வைத்து, வாடிக்கையாளர் என்கிறேன்.
லாம்டா போய் மியூவைத் தொட்டுவிட்டால்
வரிசைக்கு முடிவே இல்லை என்று சொல்லி
படுத்துக்கிடக்கும் அந்த எட்டை வரையும்போது
வெளியே ஓர் ஏர் ஹாரன்.
சிரித்தார்கள். நானும்தான்.

பாடநூலில் ஒரு அமெரிக்க வங்கி வருகிறது.
அங்கே நீளத்தைப் பார்த்ததுமே ஒருவர் திரும்பிப் போவார்,
அது தயங்கல்.
பாதியில் விலகிப் போவார், அது கைவிடல்.
பக்கத்து வரிசைக்குத் தாவுவார், அதற்கும் ஒரு பெயர்.
எல்லாவற்றுக்கும் சூத்திரம் உண்டு,
தேர்வில் பத்து மதிப்பெண்ணும்.

மூன்றாம் பெஞ்சில் ஏகவல்லி.
வீடு காசிமேடு. பகலில் மாதவரத்துக் கிடங்கில் பில் போடுகிறவள்.
கையைத் தூக்காமலே கேட்டாள்:
"நடுவுல மாட்டிக்கினவன் எந்தக் கணக்குல வருவான் சார்?"
எனக்குப் புரியவில்லை.
"முன்னாடி வண்டி, பின்னாடி வண்டி.
சைடுல கல்லு, அந்தாண்ட கடலு.
எங்க அண்ணன் முந்தாநேத்துலருந்து டோல்கேட்டாண்ட கீறான்.
தயங்கவும் முடியாது, கைவிடவும் முடியாது.
பொட்டிக்குள்ள இன்னா கீதுன்னு கூட அவனுக்குத் தெரியாது."

நிஸாமுதீன் புத்தகத்தைப் புரட்டினான்.
"பொறுமையான வாடிக்கையாளர்னு வெச்சுக்கலாம் சார்,
அஞ்சாவது அனுமானம்."
"அவன் வாடிக்கையாளரே இல்ல" என்றாள் ஏகவல்லி.
"பொட்டிதான்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
மின்விசிறி சுற்றியது.
மணலிப் பக்கத்து அம்மோனியா
தாமதமாக வந்த மாணவன் போல
பின்வாசலில் நுழைந்து உட்கார்ந்தது.
பலகையில் நான் வைத்த புள்ளிகளில்
எது சரக்கு, எது ஆள் என்று
எனக்கே பிடிபடவில்லை.

அதில் ஒரு புள்ளி நான்; அவர்களிடம் சொன்னதில்லை.
கௌரவ விரிவுரையாளர். மணிக்கு இவ்வளவு என்று பேச்சு.
டிசம்பர் பில், ஜனவரி பில், பிப்ரவரி பில்
பதிவாளர் மேஜையில்
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி.
போன வாரம் இதே பலகையில் நடைமுறை மூலதனம் நடத்தினேன்.
நல்ல நிறுவனம் பாக்கியை
நாற்பத்தைந்து நாளில் பைசல் செய்யும் என்றேன்,
முகம் மாறாமல்.

எட்டரைக்கு விட்டேன்.
பைக்குள்ளிருந்த டிபன் கேரியர் ஆடாமல் இருக்க
கால்குலேட்டரையும் நோட்டையும் இருபக்கமும் செருகிக்கொண்டு
ஏகவல்லி இறங்கிப் போனாள்.
மேலிருந்து பார்த்தேன்:
சக்கரங்களுக்கும் கற்களுக்கும் நடுவே
ஓர் ஆள் போகுமளவு இடம்.
ஒவ்வொரு கேபினுக்குள்ளும் ஒரு செல்போன் வெளிச்சம்,
வெளிச்சத்தில் பாதி முகம்.

இரவு பதினொன்றே காலுக்குச் செய்தி வந்தது.
"மியூ மணிக்கு பதினாலு சார்.
கேட்டாண்ட ஒரு மணி நேரம் நின்னு எண்ணிட்டேன்.
லாம்டா எண்ண முடில.
கடைசி வண்டி எங்க கீதுன்னு யாருக்கும் தெரில."
திரை அணைந்து, மறுபடி எரிந்தது.
"அண்ணன் சாப்ட்டான்."