தவிர

கல்லுக்குத் தடை வருவதற்கு முந்தின வருடம் அது.
கூகுளில் "கல் தூசி இருமல்" என்று கேட்டேன்.
முதல் பதில் ஒரு தேன் போத்தல்.
இரண்டாவது, முப்பது வீதக் கழிவில்
சமையலறைக் கல்மேசை,
வெள்ளையில் சாம்பல் நரம்போடியது.
குகனேசன் வெட்டுகிற அதே ரகம்.

அதன்பிறகு ஒரு கிழமை
அந்தக் கல் என்னோடேயே திரிந்தது.
பஸ் நேரம் பார்க்கப் போனால் அங்கே நின்றது.
பிட்டு அவிக்கிற வீடியோவுக்கு நடுவில் வந்தது.
இரவு இரண்டு மணிக்கு
அடுத்த அறையில் அவர் இருமிக்கொண்டிருக்க
"இன்னும் யோசிக்கிறீர்களா?" என்று கேட்டது.

டாண்டினோங் நூலகம், செவ்வாய்க்கிழமை.
அட்டையில் என் பெயரின் பின்பாதி இல்லை,
இடம் போதவில்லையாம்.
பின்பக்கத்துப் பதினான்கு இலக்கங்களை அடித்தேன்.
திறந்த பக்கத்தில் ஒரு படமும் இல்லை.
சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, அதன் கீழ் இன்னொன்று,
அதன் கீழ் இன்னொன்று.

"கல்" என்றேன்.
நாற்பத்தோராயிரம்.
சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல்,
ஸ்டோன் என்று குடும்பப்பெயர் வைத்த
எத்தனையோ பேராசிரியர்கள்.

உதவி மேசையில் ஃபெரெஷ்தா இருந்தாள்.
"பெட்டிகளுக்கு நடுவில் மூன்று சொல் இருக்கிறது, பாருங்கள்.
மற்றும். அல்லது. தவிர."
அவ்வளவுதான்; பிரிண்டரில் சிக்கிய தாளை
இழுக்கப் போய்விட்டாள்.

கல் மற்றும் தூசி
மற்றும் நுரையீரல்.
வெட்டுதல் அல்லது மெருகிடுதல்
(அவர் இரண்டும்தான் செய்கிறார்).
சிறுநீரகம் தவிர.
பித்தப்பை தவிர.
பேராசிரியர் ஸ்டோன், மன்னிக்க வேண்டும், நீங்களும் தவிர.
அரிசியில் கல் பொறுக்கியவளுக்கு
கல்லில் கல் பொறுக்க எவ்வளவு நேரம்?

பத்தொன்பது மிஞ்சின.

முதலாவதை வாசித்து முடிக்க இரண்டு மணித்தியாலம்.
வரிக்கு மூன்று சொல் தெரியாது,
தெரிந்த சொற்கள்தான் அதிகம் பயமுறுத்தின.
கடைசிப் பக்கத்துக்கு முதல் பக்கத்தில் ஒரு தலைப்பு:
இந்த ஆய்வின் குறைபாடுகள்.
பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று திரும்ப வாசித்தேன்.
எங்கள் மாதிரி சிறியது.
வந்தவர்களை மட்டுமே பார்த்தோம்,
வர முடியாதவர்களைப் பார்க்கவில்லை.
சிலருக்கு மட்டும் ஏன் இத்தனை விரைவில் என்று
எங்களுக்குத் தெரியவில்லை.

தேன் போத்தலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அட்டவணையின் கீழே, பொடி எழுத்தில்,
"பின்தொடர்வில் ஏழு பேர் காணாமல் போயினர்."
அர்த்தம் தேடினேன்.
தொலைபேசி எண் மாறியிருக்கலாம்,
வேறு மாநிலத்துக்குப் போயிருக்கலாம்.
ஆய்வு மொழியில் அதற்கு அவ்வளவுதான் பொருள்.
எனக்கு அந்தச் சொல்லை வேறு இடத்தில் பழக்கம்:
வீதியோரம், வெயிலில்,
சட்டமிட்ட படங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பெண்களிடத்தில்.
ஏழு என்ற எண்ணின் மேல்
விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

மூடப் பத்து நிமிடம் என்றது ஒலிபெருக்கி.
யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு
பழைய தேடலின் வாலில்
ஒரு பெட்டியைக் கூட்டினேன்:
குகனேசன் தவிர.

பத்தொன்பதும் அப்படியே நின்றன.
அவர் பெயர் எதிலுமே இல்லாததால்
நீக்க ஒன்றும் இருக்கவில்லை.

பக்கத்துக்கு இருபது சதம், பதினாறு பக்கம்.
சில்லறை போதாமல் இரண்டு பக்கத்தை விட்டேன்,
குறைபாடுகள் இருந்த பக்கத்தை விடவில்லை.
வெள்ளிக்கிழமை டாக்டரிடம் அதைத்தான் முதலில் நீட்டப்போகிறேன்:
இவர்களுக்குத் தெரியாதாம்,
உங்களுக்கு எது வரைக்கும் தெரியும்?

பஸ்ஸில் போன் அதிர்ந்தது.
வெள்ளைக் கல், சாம்பல் நரம்பு, இப்போது நாற்பது வீதக் கழிவு.
"இன்னும் யோசிக்கிறீர்களா?"

ஓம்.