பதினேழாம் படத்துக்கான குறிப்பு

நாற்பது சொல்லுக்குள் எழுதச் சொன்னார்கள்.
மேலே சிங்களம், கீழே ஆங்கிலம்,
நடுவில் தமிழுக்கு இரண்டு விரல் இடம்.

கொழும்பு ஏழில், ஏசி இரையும் கூடத்தில்
சுவரோடு மூக்கு முட்ட நிற்கிறேன்.
இரவல் வந்த சிற்றோவியம்.
ஒரு சாண் உயரம்கூட இல்லை.
இமயத்து அடிவாரத்தில் ஏதோ ஓர் அரண்மனை,
இளவரசன் பிறந்திருக்கிறான்.
முற்றத்தில் முரசு, சோதிடர் இருவர்,
வாசலுக்குள் நுழைய முடியாமல் ஒரு யானை.
பச்சைத் திண்டில் அரசி சாய்ந்திருக்கிறாள்,
மருதாணிக் கை மடியில் சும்மா கிடக்க.
பிள்ளை அவளிடம் இல்லை.

ஓரத்தில், பொன்கரை முழங்காலை வெட்டுகிற இடத்தில்
இன்னொருத்தி.
பிள்ளையின் வாய் அவளிடம்.
அணில்வால் மயிர் ஒன்றால்
ஓவியன் வைத்த வெள்ளைப் புள்ளி, பால்.
அரசியின் முத்துகளுக்கும் அதே வெள்ளை.

ஆங்கிலத்தில் இருப்பது
தாயும் பணிப்பெண்களும்.
தாதி என்று போடலாம்,
இங்கே அது ஆஸ்பத்திரி வார்டும் வெள்ளைத் தொப்பியும்.
செவிலி என்றால் பாடப்புத்தகம் மணக்கும்.
பால் கொடுப்பவளைத் தாய் என்று எழுதினால்
திண்டில் கிடப்பவளை
நான் எங்கே வைப்பது?

மூன்று மணிக்கு என் சட்டை நனைந்தது.
கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.
காவலுக்கு நின்ற பெண்
தன் கைலேஞ்சியை நீட்டினாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

காலி வீதி நெரிசலில் பஸ் ஊர்ந்தது.
பம்பலப்பிட்டி ஒழுங்கை ஒன்றின் முடிவில்
கடல் தெரிந்தது, மறைந்தது.

வெள்ளவத்தை. நாலாம் மாடி. லிஃப்ட் வேலை இல்லை.
குசினியில் நேசமலரின் தோளில்
என் மகள் வாய் பிளந்து தூங்குகிறாள்.
எடுக்கக் கை நீட்டினேன்.
"இப்பத்தான் அசந்துச்சு, கொஞ்சம் இருங்கம்மா."
நின்றேன்,
என் வீட்டின் ஓரத்தில், நிலைக்கதவு தோளை வெட்ட.

ரைஸ் குக்கரில் சாய்த்து வைத்த போனில்
அவளுடைய மகன்.
ஆறு வயது. மஸ்கெலியாவில் மழையாம்,
சிக்னல் விட்டு விட்டு வருகிறது.
அவன் முகம் பெரிதாகிக்கொண்டே வந்து
திரை முழுவதும் ஒரு கண்ணானது.
அந்தப் பக்கத்தில்
ஒரு சாண் உயரம்கூட இல்லாத அம்மாவை
மூக்கு முட்டப் பார்க்கிறான்.

காலை ஒன்பது மணிக்குக் குறிப்பைக் கேட்பார்கள்.
இதுவரை எழுதியிருப்பது:
பதினேழு. தாளில் வண்ணமும் பொன்னும்.
பெயர் தெரியவில்லை.