பார்வை

நாலு மணிக்குப் பெரும்பாக்கம் சதுப்பில்
தண்ணீர் இடுப்பைப் பிடிக்கும்.
சாக்குப் பைக்குள் முப்பது தெர்மாக்கோல் வாத்துகள்
ஒன்றையொன்று உரசிக் கிறீச்சிடும்.
மெஹருன்னிசா மேடத்துக்கு
நீலச்சிறகியின் காலில் வளையம் மாட்டி
எண் எழுதிக்கொண்டு விட்டுவிட வேண்டும்.
எனக்கு நாளுக்கு எழுநூறு.

முதல் வாரம் வரிசையாக மிதக்கவிட்டேன்,
ரேஷன் கடை வாசல் மாதிரி.
வந்தவை தலைக்கு மேல் மூன்று சுற்று சுற்றிவிட்டு
குப்பைமேட்டுப் பக்கம் போய்விட்டன.
எத்தனை நாட்டு ஏரிகளில்
துப்பாக்கிக்கும் வலைக்கும் தப்பி வந்தவையோ,
என் தெர்மாக்கோலுக்கா மயங்கும்?

இரண்டாம் வாரம் பாதியைக் கரையேற்றினேன்.
பளபளத்த முதுகுகளில் சேறு அப்பினேன்.
நான்கின் தலையைத் திருப்பி
முதுகில் செருகினேன், தூங்கட்டும்.
இரண்டைக் கவிழ்த்தேன், மேயட்டும்.
எல்லா அலகும் காற்றைப் பார்த்திருக்க
ஒன்றை மட்டும் கோணலாக விட்டேன்.
நடுவில் ஒரு புடவை விரிக்கும் அளவு
வெறும் தண்ணீர்.
மேலிருந்து பார்க்கிற எதுவும்
அது தனக்கு வைத்த இடம் என்று நினைக்கும்.
நூலைச் சுண்டினால் அலை எழும்.
எப்போது சுண்டாமல் இருப்பது என்பதற்குத்தான்
எனக்குப் பத்து நாள் பிடித்தது.

மேடம் சொன்னார்,
பறவையைக் காட்டிப் பறவை பிடித்தால்
காட்டும் பறவைக்குப் பழைய தமிழில்
பார்வை என்று பெயராம்.
அன்று காலை ஐந்து இறங்கின.

பத்து மணிக்கு நான் வேறு ஆள்.
மேடவாக்கம் ரோட்டில், இஸ்திரி போட்ட சட்டையில்,
ஏசுபாலன் சாரின் ஏசி அறையில்
வீடு வாங்க வந்திருக்கிறேன்.
பக்கத்தில் என் மனைவி கோமளா,
துரைப்பாக்கத்தில் இட்லி மாவு விற்கிறவள்.
எங்களைப் போல எட்டுப் பேர்.
தலைக்கு ஐநூறு, பிரியாணி.

கூட்டம் இருந்தும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.
சார் தலையைப் பிடித்துக்கொண்டார்.
நான்தான் சொன்னேன்:
எல்லாரும் நிமிர்ந்து சிரிக்கிறோம் சார், அதான்.
நாலு பேர் போதும்.
ஒருத்தர் போனில் சண்டை போடட்டும்.
ஒருத்தர் குறை சொல்லட்டும்.
சோபாவில் ஒரு இடம் காலியாக இருக்கட்டும்.

பரிசோதனைக் கூடத்துச் சீருடையில்
மூன்றாம் முறையாக அந்தப் பெண் வந்தாள்.
உட்காரவில்லை.
மாதிரிக் கட்டடத்தின் பொம்மை மரங்களை
குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.
ஜன்னலுக்கு வெளியே கோரைப்புல்லைப் பார்த்தாள்.
அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும்.

குறை சொல்வது என் முறை.
என்ன குறை என்று யாரும் எழுதித் தரவில்லை.
வாயில் வந்தது உண்மை:
"சார், இது ஏரித் தண்ணி வர்ற வழிங்க.
மழைக்கு ரெண்டாவது மாடி வரைக்கும்
போட்டுல வந்து ஏத்திக்கணும்."

அறை ஒரு நொடி அசையவில்லை.
ஏசுபாலன் சிரித்தார், வரைபடம் விரித்தார்,
வடிகால், சுவர், உயர்த்திய தரைமட்டம்,
விரல் ஓடிக்கொண்டே இருந்தது.
நான் தலையாட்டினேன். எனக்கு அது பழக்கம்.

அவள் காலி இடத்தில் உட்கார்ந்தாள்.
"நான் கேக்க நெனச்சத
நீங்க கேட்டுட்டீங்க" என்றாள் என்னிடம்.
கைப்பையைத் திறந்து காசோலைப் புத்தகம் எடுத்தாள்.
கோமளா என் முட்டியை அழுத்தினாள்,
எதற்கு என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"நீங்க எந்த மாடி எடுக்கறீங்க?"

அத்தனை நெருக்கத்தில் ஒரு நீலச்சிறகி
என் தெர்மாக்கோலிடம் நீந்தி வந்து
பதிலுக்குக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.
அப்போது நூல் என் கையில் இருந்தது.

"மூணாவது" என்றேன்.
"அப்ப எனக்கும் மூணாவதே."